மிதுனாவின் ஐம்பத்தேழு உறவினர்கள்

மிதுனாவுக்கு ஐம்பத்தேழு உறவினர்கள் இருப்பதாகப் பங்கு ஆய்வாளர் உரிம வாரியம் கண்டுபிடித்தது. ரத்த சம்பந்தம் என்று எடுத்துக்கொண்டால் அவளுக்கு இந்த உலகத்தில் ஒருவர்கூடக் கிடையாது.

செய்தியைச் சொன்னவர் வாரியத்தின் கோவைக் கிளை அதிகாரி ஜெபசீலி. தூத்துக்குடிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், லேசில் சிரிக்காதவர். மிதுனாவின் விண்ணப்பத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“நாலு தேர்வும் ஜெயிச்சிருக்கீங்க. மார்க்கும் நல்லா இருக்கு. உறவினர் பத்தியில ‘எவருமில்லை’ன்னு எழுதியிருக்கீங்க. தோடு ஐம்பத்தேழு பேருங்குது. நான் யாரை நம்ப?”

“நெஜமாலுமே எனக்கு யாரும் இல்லீங்க மேடம்,” என்றாள் மிதுனா. சொல்லும்போதே அது பொய் மாதிரி அவள் காதுக்கே கேட்டது.

தோடு என்றால் நகையல்ல, வாரியம் கொடுக்கும் கருவி. அதற்கு ‘உறவறி கருவி’ என்று ஓர் அரசாங்கப் பெயர் உண்டு. அந்தப் பெயரில் அதை யாரும் கூப்பிட்டதில்லை. காதுமடலில் ஒட்டிக்கொள்ளும் மிளகளவுப் பொட்டு, நடுவில் ஒரு பச்சை வெளிச்சம். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு பெரிய கூத்து நடந்தது. ஆய்வறிக்கைகளை எல்லாம் இயந்திரங்களே எழுதித் தள்ளிய காலம் அது. ‘இந்தப் பங்கை வாங்கலாம்’ என்று அதில் கையெழுத்துப் போட்ட ஆய்வாளர்களின் மச்சினனும் சகலையும் முந்தின வாரமே அதை வாங்கி வைத்திருந்தார்கள். விலை ஏறியதும் விற்றுவிட்டு ஊரை மொட்டையடித்தார்கள். கேட்டால் ஆய்வாளர்கள், ‘அவர் யாரென்றே எனக்குத் தெரியாது’ என்று சாதித்தார்கள்.

அதிலிருந்து சட்டம் கடுமையானது. அறிக்கையை எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் மனிதராக இருக்க வேண்டும். அந்த மனிதர் உரிமம் கேட்ட நாள் முதல் உரிமம் தீரும் நாள் வரை காதில் தோட்டோடு இருக்க வேண்டும். என்ன பேசினார் என்பதைத் தோடு வைத்துக்கொள்ளாது. யாரை என்ன சொல்லி அழைக்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு உறவுப் பட்டியல் போடும். பட்டியலில் வந்துவிட்டவர்கள், அந்த ஆய்வாளர் எழுதும் துறையின் பங்குகளை ஐந்து வருடத்துக்கு வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. பூட்டுப் போட்டுவிடுவார்கள்.

நல்ல சட்டம்தான், திருடனைப் பிடிக்கப் போட்டது. ஆனால் ‘அண்ணா’ என்றால் கூடப் பிறந்தவன் என்றே எடுத்துக்கொள்ளும் இயந்திரத்தை, பஸ் கண்டக்டரில் தொடங்கிப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் வரை உறவு வைத்துப் பேசும் ஊரில் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. வசதியுள்ள விண்ணப்பதாரர்கள் கோச்சிங் சென்டரிலேயே எல்லோரையும் சார், மேடம் என்று பேசப் பழகிவிடுவார்கள். மிதுனா வேலை முடிந்து வந்து ஒண்டியாக உட்கார்ந்து படித்தவள். அவளுக்கு அந்த சூட்சுமம் தெரியாது.

“டீக்கடை பூபதி. உடன்பிறந்தவர்,” என்று ஜெபசீலி படித்தார். “பூக்கார அக்கா, உடன்பிறந்தவர். கூரியர் தம்பி, உடன்பிறந்தவர். உங்க அப்பா அம்மாவுக்கு மொத்தம் பதினெட்டுப் பிள்ளைங்களாம்மா?”

மிதுனாவுக்குச் சிரிப்பு வந்தது. எதிரே இருந்தவர் சிரிக்காததால் அடக்கிக்கொண்டாள்.

“அப்புறம் இன்னொண்ணு. தங்கத்துல முதலீடு இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ஆனா ஒரு நாளைக்குப் பதினாறு தடவை தங்கம் தங்கம்னு பேசியிருக்கீங்க.”

“அது பக்கத்து வீட்டுப் பாப்பாவுங்க மேடம். எங்கூர்ல கொழந்தைங்கள அப்புடித்தானுங் கூப்புடறது.”

“சாமின்னு ஒரு ஆளு?”

“அதும் அதே பாப்பாதானுங்.”

ஐம்பத்தேழில் சேராத அந்த இரண்டு வரிகளையும் ஜெபசீலி பேனாவால் அடித்தார். அடுத்த வரியில் பேனா நின்றது.

“மருதாசலம். மாமா. ஒரு நாளைக்கு இருபத்திரண்டு தடவை. தாய்மாமனா, அத்தை வீட்டுக்காரரா, மாமனாரா? தோட்டுக்கே குழப்பமா இருக்கு.”

“ஒண்ணுமே இல்லீங்க. லைன் வீட்டு மாமாங்க.”

“லைன் வீட்டு மாமான்னு சட்டத்துல ஒரு உறவு இல்லைம்மா,” என்றார் ஜெபசீலி. குரலில் கண்டிப்பு இருந்தது, கோபம் இல்லை. பிறகு வழியையும் அவரே சொன்னார். பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் நேரில் வந்து ‘எனக்கும் இவருக்கும் எந்த உறவும் இல்லை’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதன்பின் முப்பது நாள் தோடு காதில் இருக்கும். அந்த முப்பது நாளும் அவள் அவர்களையோ அவர்கள் அவளையோ உறவு சொல்லி அழைக்கக் கூடாது. நாக்குப் புரண்டு ஒருமுறை வந்துவிட்டால் அவருக்கு மறுபடி ஒன்றாம் நாள். எல்லாம் அறுபது நாளுக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி, அடுத்த விண்ணப்பம் ஆறு வருடம் கழித்து.

“உறவினர்தான்னு ஒத்துக்கிட்டா?”

“தாராளமா உரிமம் வாங்கிக்கிடலாம். அவங்க பங்குக்குத்தான் பூட்டு.”

மிதுனா எழுதப்போவது பம்புசெட் கம்பெனிகளைப் பற்றி. நீலாம்பரி பம்ப்ஸ் என்ற கம்பெனியில் ஒன்பது வருடம் மோட்டார் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள். ஓடுகிற மோட்டாரின் சத்தத்தை வைத்தே உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இயந்திரங்கள் எழுதிய அறிக்கைகளை அவள் படித்திருக்கிறாள். லாபக் கணக்கு எல்லாம் சரியாக இருக்கும். வார்ப்பு மட்டமாகிவிட்டது, பழகின ஆட்கள் வெளியேறுகிறார்கள் என்ற சேதி ஒன்றும் அதில் இருக்காது. பீளமேட்டில் பாதிப் பேர் பம்பு கம்பெனித் தொழிலாளிகள். கம்பெனிகள் பங்குச் சந்தைக்குப் போனபோது ஆளுக்குக் கொஞ்சம் பங்கு கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொள்வதா விற்பதா என்று தெரியாமல் ஒவ்வொருவரும் கையைப் பிசைவதைப் பார்த்துத்தான் அவளுக்கு இந்த ஆசையே வந்தது. உரிமம் இல்லாமல் வாயால் சொன்னாலும் குற்றம். அவளுக்கு வயது முப்பத்து மூன்று. இன்னும் ஆறு வருடம் காத்திருக்கத் தெம்பில்லை.

லைன் வீடு என்பது பத்து வீடு, ஒரு வாசல், ஒரு குழாய். மிதுனாவுக்கு இரண்டு வயதிருக்கும்போது அப்பா வேலை தேடி வடக்கே போனார், திரும்பவில்லை. பதினொரு வயதில் அம்மா இறந்தாள். காரியம் முடிந்த மறுநாள் அந்தப் பத்து வீட்டுக்காரர்களும் குழாயடியில் நின்று பேசி முடித்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை இந்த வீட்டில் சாப்பாடு, செவ்வாய்க்கிழமை அந்த வீட்டில், இப்படி முறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சண்டை வரும். கறி எடுக்கிற நாள். எல்லோருக்கும் அன்றைக்கு அவள் தங்கள் வீட்டில் சாப்பிட வேண்டும். இருந்த வீட்டின் வாடகையை யார் கட்டினார்கள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவள் யாருக்கும் பாரமாக வளரவில்லை. அப்படி வளர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பது பெரியவளான பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

அதில் மூன்றாவது வீடு மருதாசலத்தினுடையது. நீலாம்பரியில் லேத் ஓட்டியவர். மனைவி சிவகாமி. பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்து நிற்பவர் அவர்தான். முப்பத்தெட்டு வருடம் லேத் முன்னால் நின்று நின்று இடது முட்டி போய்விட்டது. மாற்று முட்டி வைக்க ஆஸ்பத்திரியில் நாள் குறித்தாகிவிட்டது. அதற்குத்தான் தன் நீலாம்பரி பங்குகளை விற்காமல் பொத்தி வைத்திருந்தார்.

மற்ற ஐம்பத்தாறு பேரும் மூன்று நாளில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். டீக்கடை பூபதி சிரித்துக்கொண்டே போட்டான். பூக்காரப் பெண் ஒரு முழம் பூவை மேசையில் வைத்துவிட்டுப் போட்டாள். சிவகாமி அத்தை மட்டும் படிவத்தைப் படித்துவிட்டு அதிகாரியை ஏறிட்டுப் பார்த்தாள்.

“இவளை வளத்துனது பொய்யின்னு எழுதித் தரோணுமாக்கும்?”

“அப்படி இல்லைம்மா. சட்டப்படி உறவில்லைன்னு.”

“சட்டத்துக்கு என்னத்தைத் தெரியும்?” என்று கேட்டுவிட்டு அத்தையும் போட்டாள். மருதாசலம் மட்டும் வரவில்லை.

“நான் போடறதா இல்ல கண்ணு,” என்றார் அவர், வீட்டுப் படியில் காலை நீட்டி உட்கார்ந்தபடி. “என்ற பேரு அதுல இருந்துட்டுப் போகட்டும். உனக்கு லைசென்சு வரும்தானே?”

“வருமுங்க மாமா. ஆனா ஷேரை விக்க முடியாதுங்க. அஞ்சு வருசம்.”

“அஞ்சு வருசந்தானே? இத்தனை நாள் நொண்டல? போச்சாது, பரவால்ல.”

“முட்டி இன்னும் அஞ்சு வருசம் தாங்காதுன்னு டாக்டர் சொன்னாருங்களே.”

“டாக்டர் ஆயிரம் சொல்லுவாரு.”

பிடிவாதத்தில் அவளும் அந்த வாசலில் வளர்ந்தவள்தான். “நீங்க போடலீன்னா எனக்கு அந்த லைசென்சே வேண்டாமுங்க மாமா,” என்றாள். “நாளைக்கே போயித் தோட்டைக் கழட்டிக் குடுத்துப்போட்டு வந்துர்றேன்.”

அவர் கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, “வா போலாம்,” என்றார்.

வாரிய அலுவலகத்தில் அந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ‘எனக்கும் இந்தப் பெண்ணுக்கும்’ வரை படித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார், மறுபடி கழற்றினார். “எழுத்து சரியாத் தெரியலீங்க,” என்றார். எழுத்து நல்ல பெரிய எழுத்துத்தான். ஜெபசீலி தாளை வாங்கித் தானே படித்தார். மருதாசலம் சன்னலைப் பார்த்துக்கொண்டு “ஆமாங்க” என்றார். மிதுனா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து லைன் வீட்டில் எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். பெரியவர்கள் அவளை ‘மேடம்’ என்றார்கள். பாப்பாவுக்கு ‘அக்கா’ வந்துவிடும் என்று பயந்து அவள் அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். மிதுனாவும் ‘பூபதி சார், ஒரு டீ’ என்று பழகிக்கொண்டாள். பூபதி முதல் நாள் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். சொல்லைத்தானே மாற்றுகிறோம், மனசு மாறாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அது சரியில்லை என்று ஒரு வாரத்தில் தெரிந்துபோனது. அத்தை என்று கூப்பிட்டால்தான் குழம்பு கேட்க வாய் வரும். ‘சிவகாமி மேடம், கொஞ்சம் குழம்பு தர்றீங்களா’ என்று யாரால் கேட்க முடியும்? கேட்காததால் அவர்களும் கொடுக்கத் தயங்கினார்கள். அவள் கடையில் வாங்கிச் சாப்பிட்டாள்.

மருதாசலத்தை மட்டும் அவளால் எப்படியும் கூப்பிட முடியவில்லை. மாமா என்று சொல்லக் கூடாது. பெயர் சொல்ல நாக்கு வரவில்லை. அதனால் ‘ஏனுங்’, ‘இங்க பாருங்’, ‘உங்களைத்தானுங்’ என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டாம் நாள் வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தது.

‘செல்வி மிதுனா அவர்களுக்கு. திரு. மருதாசலம் என்பவரைத் தாங்கள் ஒருமுறைகூடப் பெயர் சொல்லாமல் “ஏனுங்” என்று மட்டுமே அழைப்பதைக் கருவி குறித்துள்ளது. தாங்கள் இவரது மனைவி என்பதை மறைத்துள்ளீர்களா? விளக்கம் தரவும்.’

புருசன் பெயரைச் சொல்லாத பெண்கள் பேசுவதை எல்லாம் கேட்டுக் கேட்டுத் தோடு அதையும் ஒரு பாடமாகப் படித்து வைத்திருந்தது. நோட்டீசை வாங்கிப் படித்த சிவகாமி அத்தை குழாயடியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “அடக் கெரகமே! இந்த வயசுல எனக்கொரு சக்களத்தி!” என்று எல்லா வீட்டையும் கூப்பிட்டுக் காட்டினாள். மூன்று வாரத்தில் அந்த வாசலில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

மிதுனா சிரிக்கவில்லை. மருதாசலத்துக்கு மறுபடி ஒன்றாம் நாள் என்று நோட்டீசின் கீழே போட்டிருந்தது. அறுபதில் இருபத்திரண்டு போய்விட்டது. மிச்சம் முப்பத்தெட்டு நாள், வேண்டியது முப்பது.

மறுநாள் காலையில் மருதாசலமே அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். முட்டியை இழுத்து இழுத்து வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

“பேரைச் சொல்லிக் கூப்புடுங்,” என்றார்.

“என்னால முடியலீங்.”

“பேருன்னு எதுக்கு வெச்சிருக்குது? கூப்புடத்தானே? தைரியமாக் கூப்புடுங்.”

அவர் தன்னை ‘ங்’ போட்டுப் பேசியதை மிதுனா அப்போதுதான் கவனித்தாள். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவர் அவளுக்கு மரியாதை கொடுத்ததில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, “மருதாசலம்,” என்றாள். தாங்காமல், “சார்” என்று சேர்த்துக்கொண்டாள்.

“சொல்லுங்க மேடம்,” என்றார் அவர்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அப்படிச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவளுக்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருப்பார். நமக்கு இவ்வளவு செய்கிறவர்களுக்கு நாம் என்ன செய்துவிடப்போகிறோம் என்று நினைக்க நினைக்க அழுகை கூடியது.

முப்பது நாளும் ஒரு புள்ளி பிசகாமல் கழிந்தது. ஐம்பத்து மூன்றாம் நாள் மருதாசலத்தின் பங்குகளுக்குப் பூட்டு அவிழ்ந்தது. அவற்றை விற்ற பணத்தில் ஐம்பத்தைந்தாம் நாள் முட்டி அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஒரு தடவை பார்க்கப் போனாள். ‘எப்படி இருக்கீங்க மருதாசலம் சார்’ என்றாள். ‘நல்லா இருக்கனுங் மேடம்’ என்றார். நர்ஸ் அவளை இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் என்று நினைத்துக்கொண்டு தாள் எதிலோ கையெழுத்துக் கேட்டாள்.

அறுபதாம் நாள் காலை ஜெபசீலியின் அறையில் உரிமம் தயாராக இருந்தது. கெட்டி அட்டை, முத்திரை, பதிவு எண். இந்த எண்ணை இனி அவளுடைய ஒவ்வோர் அறிக்கையிலும் போட வேண்டும். எண்ணுக்குக் கீழே ஒரு வரி, அதையும் போட வேண்டும். அந்த வரியை மிதுனா இரண்டு முறை படித்தாள்.

‘இந்த ஆய்வாளருக்கு உறவினர் எவருமில்லை.’

“கையெழுத்துப் போடுங்கம்மா.”

மிதுனா பேனாவை எடுத்தாள், வைத்தாள். “ஒவ்வொரு ரிப்போர்ட்டுலயும் இது வருமுங்களா மேடம்?”

“ஒவ்வொண்ணுலயும்.”

“நானா இதை எழுதறப்ப ஒண்ணும் தோணலீங்க மேடம். இப்ப அவங்க அத்தனை பேரும் வந்து எழுதிக் குடுத்ததுக்கு அப்பறம் கையே வரமாட்டேங்குதுங்.”

ஜெபசீலி எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். திரும்ப வந்து உட்கார்ந்து, நேராக நிமிர்ந்து, மேடையில் பேசுகிறவர் மாதிரி உரக்க, “நன்றி!” என்றார்.

பேச்சு முடிந்தது, போகச் சொல்கிறார் என்று எண்ணி மிதுனா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“எங்கே போறீக? உக்காருங்க. இனிமேத்தான் பேச்சே,” என்றார் ஜெபசீலி. அவர் பேச்சே மாறியிருந்தது. முழுக்கத் தூத்துக்குடிக்குப் போய்விட்டார். “என் காதைப் பாருங்க. உங்க காதை இந்தக் கண்ணாடியில பாருங்க.”

வாரிய அதிகாரிகளுக்கும் தோடு கட்டாயம் என்பதால் அவர் காதிலும் ஒரு தோடு இருந்தது. அதில் பச்சை வெளிச்சம் அணைந்திருந்தது. மேசைமேல் இருந்த கண்ணாடிப் பேனாத் தாங்கியில் மிதுனா தன் காதைப் பார்த்தாள். அதிலும் வெளிச்சம் இல்லை.

“இந்த வேலைக்கு வாரதுக்கு முன்னால நானும் ஆய்வாளராத்தான் இருந்தேன், அஞ்சு வருசம். உப்பளம், மீன் ஏற்றுமதி பத்தி எழுதுனேன். நானும் முப்பது நாள் எங்க தெருவுல எல்லாரையும் சார், மேடம்னு கூப்பிட்டவதான். அப்பத்தான் ஒண்ணைக் கண்டுபிடிச்சேன். இந்தத் தோட்டுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தது எதை வச்சுத் தெரியுமா? மேடைப் பேச்சு, செய்தி வாசிப்பு, அரசாங்கக் கடுதாசி. அதுல எல்லாம் ‘நன்றி’ன்னு வந்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதனால நன்றின்னு காதுல விழுந்தா இது கூட்டம் கலைஞ்சுட்டுன்னு அரை மணி நேரம் தூங்கிரும். அறிக்கையைச் சரிபார்க்குற மெசினும் அப்படித்தான். ‘நன்றி’ன்னு ஒரு வார்த்தையைப் பாத்துட்டா அதுக்குக் கீழ உள்ளதைப் படிக்காது.”

அவர் இழுப்பறையைத் திறந்து பழைய அறிக்கை ஒன்றை எடுத்து நீட்டினார். கடைசிப் பக்கத்தில் பதிவு எண். ‘இந்த ஆய்வாளருக்கு உறவினர் எவருமில்லை.’ அதன் கீழே ‘நன்றி’. நன்றிக்குக் கீழே பொடி எழுத்தில் பதினொரு பெயர்கள். எஸ்தர் பெரியம்மை, கனி மைனி, வள்ளி அக்கா என்று ஒவ்வொரு பெயரோடும் உறவும் இருந்தது.

“இது தப்பில்லீங்களா மேடம்?” என்று கேட்டாள் மிதுனா. கேட்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

“அந்த அரை மணி நேரத்துல பங்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசுனா தப்பு. பேசுனவங்களை நானே ரெண்டு பேரைப் பிடிச்சு உரிமத்தைப் பிடுங்கிருக்கேன். யார் எப்ப வித்தாங்கங்கிறது காட்டிக் குடுத்துரும். மாமனை மாமான்னு கூப்பிடுறது தப்புன்னு எந்தச் சட்டத்துலயும் எழுதலை.” ஜெபசீலி முதல்முறையாகச் சிரித்தார். “மேல இடத்துல சொல்லிராதீக. சரி பண்ணிருவாங்க.”

மிதுனா கையெழுத்துப் போட்டாள். அவளுடைய முதல் அறிக்கையில் நன்றிக்குக் கீழே ஐம்பத்தேழு பெயர் வருமே, பக்கம் போதுமா என்ற கவலை வந்தது. அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

மருதாசலம் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சிவகாமி அத்தை ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. மிதுனாவின் காதில் வெளிச்சம் பச்சையாக எரிந்தது. அதைப் பார்த்ததும் இருவரும் நிமிர்ந்து கொண்டார்கள்.

“வாங்க மேடம்,” என்றார் மருதாசலம். “லைசென்சு வந்துருச்சுங்களா?”

அவள் அட்டையைக் காட்டினாள். அவர் வாங்கி, கண்ணாடி இல்லாமலேயே எல்லா எழுத்தையும் படித்தார். முகம் மலர்ந்தது. கடைசி வரிக்கு வந்ததும் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

மிதுனா நிமிர்ந்து நின்று, தெளிவாக, “நன்றி,” என்றாள்.

அந்தச் சொல் அவரைச் சுட்டுவிட்டது. அந்த வாசலில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னது கிடையாது. சோறு போட்டவர்களுக்கும் சளி பிடித்தால் ராத்திரி முழுக்க மடியில் போட்டுக்கொண்டவர்களுக்கும் நன்றி சொன்னால் அவர்களை வெளியாள் ஆக்குவதாக அர்த்தம். பஸ்ஸில் இடம் விட்டவருக்குச் சொல்கிற சொல் அது. மருதாசலம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“கேட்டியா சிவகாமி? நன்றியாமா,” என்றார் சுவரைப் பார்த்தபடி. “லைசென்சு வந்துருச்சில்ல. முடிஞ்சுது. நன்றி சொல்லிட்டாங்க.”

சிவகாமி அத்தை பழம் உரிப்பதை நிறுத்தினாள். கையில் பழத்தோடு மிதுனாவின் காதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை வெளிச்சம் அணைந்து போயிருந்தது.

“மாமா,” என்றாள் மிதுனா.

அவர் பதறித் திரும்பினார். வாயைப் பொத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். மறுபடி ஒன்றாம் நாள் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

“ஒண்ணும் ஆகாதுங்க மாமா. தோடு தூங்கீட்டு இருக்குது. நன்றின்னு சொன்னா அது அரை மணி நேரத்துக்குத் தூங்கிப்போகுமுங்க. மாமா, மாமா, மாமா. எத்தனை தடவை வேணும்னாலும் கூப்புடலாமுங்க.” அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஷேரைப் பத்தி மட்டும் ஒண்ணும் கேட்டுப்போடாதீங்.”

“ஷேரு கெடக்குது கழுதை,” என்றார் அவர். சிவகாமி அத்தை உரித்த பழத்தை மிதுனாவின் வாயில் திணித்து, அறுபது நாளாகக் கடையில் தின்று எப்படித் துரும்பாகப் போயிருக்கிறாள் பார் என்று திட்டத் தொடங்கினாள். அந்தத் திட்டைக் கேட்டு மிதுனாவுக்கு மனம் நிறைந்துபோனது.

கொஞ்ச நேரம் கழித்து மருதாசலம் மெல்லக் கேட்டார். “அப்ப மொதல்ல சொன்னயே கண்ணு, நன்றியின்னு. அது தோட்டுக்குச் சொன்னதுதானே?”

மிதுனா யோசித்தாள். இந்த முப்பத்து மூன்று வயது வரை அவள் அவருக்கு ஒருமுறையும் அதைச் சொன்னதில்லை. உறவாக இருக்கும்வரை சொல்லியிருக்கவும் முடியாது.

“இல்லீங்க மாமா,” என்றாள். “அது உங்களுக்குச் சொன்னதுதானுங்.”

மருதாசலம் திணறிப்போனார். அவர் காலத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பி, “ஏன் சிவகாமி,” என்றார், “இதுக்குத் திருப்பி என்னன்னு சொல்லோணும்?”

அத்தைக்கும் தெரியவில்லை.